கோட்டையிலிருந்து நினைவுச் சின்னம் வரை: கார்க்காசோன் மதில்களின் வரலாற்று மாற்றம்

முன்னுரை

தென் பிரான்சின் லாங்கெதோக் பகுதியில், துலூஸ் நகருக்குத் தென்கிழக்கே சுமார் 90 கி.மீ. தொலைவில் உள்ளது கார்க்காசோன். ஓத் ஆற்றின் வலது கரையில் உயர்ந்த குன்றின் மேல், இரண்டு சுற்று மதில்களும் 52 கோபுரங்களுமாக நிற்கும் இக்கோட்டை நகரின் மதில் நீளம் ஏறத்தாழ 3 கி.மீ. ஐரோப்பாவின் இடைக்காலக் கோட்டைகளைக் காணச் செல்வோர் பட்டியலில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. திரைப்படங்களில் வந்திருக்கிறது, 2000இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற பலகை விளையாட்டும் இந்த ஊரின் பெயரையே தாங்குகிறது.

காண வருவோரில் பலர், 13ஆம் நூற்றாண்டு சிதையாமல் அப்படியே நிற்கிறது என்ற எண்ணத்துடன் திரும்புகிறார்கள். இந்த எண்ணம் பாதி மட்டுமே சரி. மதிலின் பெரும்பகுதி பழையதுதான். ஆனால் தொலைவிலிருந்து கண்ணைக் கவரும் கூம்புக் கூரைகளும் ஞாயில் வரிசையும் 19ஆம் நூற்றாண்டின் கைவண்ணம். பயன் இழந்த அரண்களை இடித்துத் தள்ளுவதே வழக்கமாயிருந்த நாட்டில் இக்கோட்டை எப்படித் தப்பியது, தப்பியபின் என்னவாக மாறியது, அந்த மாற்றத்தின் சுமை யார் தலையில் விழுந்தது ஆகிய மூன்று கேள்விகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

மதில்கள் எழுந்த முறை

முதல் மதில் ரோமப் பேரரசின் பிற்காலத்தது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 4ஆம் நூற்றாண்டிலும் எழுப்பப்பட்ட அம்மதிலைச் சிறிய கற்களையும் இடையிடையே ஓடும் செங்கல் வரிகளையும் கொண்டு இன்றும் இனங்காணலாம். 5ஆம் நூற்றாண்டில் விசிகோத்தியர், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரபுப் படையினர், 759இல் பிராங்கியர் என ஆட்சிகள் மாறினாலும் அந்த மதிலே ஊரைக் காத்தது. 12ஆம் நூற்றாண்டில் திரான்காவெல் மரபினர் மேற்கு மதிலை ஒட்டி அரண்மனைக் கோட்டை ஒன்றைக் கட்டினர். கோட்டைக்குள் இருக்கும் புனித நசேர் கோவிலின் கட்டுமானக் கற்களை 1096இல் போப் இரண்டாம் அர்பன் மந்திரித்து அருளினார்.

1209 ஆகஸ்டில் திருப்பம் வந்தது. கத்தோலிக்கத் திருச்சபை ஏற்க மறுத்த கத்தார் என்னும் கிறித்தவப் பிரிவினரை ஒடுக்கப் புறப்பட்ட சிலுவைப் படை கோட்டையை முற்றுகையிட்டது. தண்ணீர்த் தட்டுப்பாடும் நெரிசலும் சேர்ந்து இரண்டு வாரங்களுக்குள் ஊரைப் பணிய வைத்தன. கோட்டையின் பிரபு ரேமோன்-ரோஜே திரான்காவெல் சிறைப்பட்டு அதே ஆண்டு நவம்பரில் இறந்தார். அவரது நிலம் சிலுவைப் படைத் தலைவர் சிமோன் தெ மோன்ஃபோர் கைக்குப் போனது. 1226இல் பிரெஞ்சு முடியாட்சியே கோட்டையை எடுத்துக்கொண்டது. 1240இல் திரான்காவெல்லின் மகன் ஊரை மீட்க முயன்றார். அவரது ஆட்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்ட, காவலர்கள் உள்ளிருந்து எதிர்ச்சுரங்கம் வெட்டினர். முற்றுகையை முறியடித்த அரசப் பிரதிநிதி கியோம் தெசோர்ம், நடந்ததை அரசியார் பிளான்ஷுக்கு எழுதிய அறிக்கை கிடைத்திருப்பதால் அந்தப் போரின் நுட்பங்கள் நமக்குத் தெரியவருகின்றன.

வெளி மதிலும் உள் மதிலின் பெரும்பகுதியும் இந்த அரச காலத்தவை. ஒன்பதாம் லூயியின் காலத்தில் வெளிச்சுற்று உருவானது; அவர் மகன் மூன்றாம் பிலிப், 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உள் மதிலைப் புதுப்பித்து, நார்போன் வாயிலின் இரட்டைக் கோபுரங்களை எழுப்பினார். வெளி மதில் தாழ்வாகவும் உள் மதில் உயரமாகவும் இருப்பதால் இரு வரிசையிலிருந்தும் ஒரே சமயத்தில் அம்பு எய்ய முடிந்தது. வெளிச்சுற்றின் பல கோபுரங்களுக்கு உட்புறம் சுவரே கிடையாது. பகைவன் அதைப் பிடித்தாலும் உள் மதிலிலிருந்து வரும் அம்புகளுக்கு அவனால் மறைய முடியாது.

இந்த மதில்களில் அருகே நின்று பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. பொதுவாகப் பழைய கட்டுமானம் கீழேயும் புதியது மேலேயும் இருக்கும். இங்கே சில பகுதிகளில் அது தலைகீழ். இரு மதில்களுக்கும் இடைப்பட்ட நிலத்தை 13ஆம் நூற்றாண்டில் வெட்டிச் சமப்படுத்தியபோது ரோம மதிலின் அடித்தளம் வெளியே தெரிந்தது. அது சரியாமலிருக்க, அதன் கீழே புதிய கற்களைக் கொடுத்துத் தாங்கினர். இதனால் 4ஆம் நூற்றாண்டுச் சுவர், 13ஆம் நூற்றாண்டுச் சுவரின் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறது. கட்டடத்தின் காலத்தை உயரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் அரிது.

பயன் இழந்த அரண்

முற்றுகைகளுக்குப் பின் கோட்டையடிக் குடியிருப்புகள் அழிக்கப்பட்டு, அவற்றின் மக்கள் ஆற்றின் எதிர்க்கரையில் புதிய ஊர் அமைத்துக்கொள்ள அரசர் அனுமதித்தார். நேரான தெருக்களுடன் திட்டமிட்டு எழுந்த அந்தக் கீழூரை 1355இல் ஆங்கில இளவரசர் எட்வர்டின் படை கொளுத்தியது. மேலே இருந்த கோட்டையை அது தொடவில்லை. நெசவும் துணி வணிகமும் கீழூரிலேயே வளர்ந்தன. செல்வம் கீழே இறங்கியது. காவல் மட்டும் மேலே நின்றது.

அந்தக் காவலுக்கும் 1659இல் பொருள் இல்லாமல் போனது. அவ்வாண்டு பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட பிரெனீஸ் உடன்படிக்கையால் ருசிய்யோன் பகுதி பிரான்சுக்குக் கிடைத்து, எல்லை தெற்கே மலைத்தொடருக்கு நகர்ந்தது. பீரங்கிக் காலத்தில் உயரமான கல் மதிலின் மதிப்பு ஏற்கெனவே குறைந்திருந்தது. இதற்கு முன்பே, 1626இல், எல்லையில் இல்லாத உள்நாட்டு அரண்களை இடிக்குமாறு அமைச்சர் ரிஷ்லியுவின் அரசு ஆணையிட்டிருந்தது. பிரபுக்கள் கோட்டைக்குள் இருந்துகொண்டு கலகம் செய்வதைத் தடுப்பதே அதன் நோக்கம். எல்லைக் காவலில் இருந்ததால் கார்க்காசோன் அந்த அலையில் சிக்கவில்லை. எல்லை நகர்ந்த பிறகு அதை எவரும் வேலை மெனக்கெட்டு இடிக்கவில்லை, பராமரிக்கவும் இல்லை.

ஆயர் பீடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழூருக்கு மாறியது. வசதியற்ற நெசவாளர் குடும்பங்கள் இரு மதில்களுக்கும் இடையில், மதிலையே பின்சுவராகக் கொண்டு வீடு கட்டிக் குடியிருந்தன. கோட்டைக் கற்கள் கட்டட வேலைக்குப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அரண்மனைக் கோட்டையிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் வழியைக் காத்த பெரிய முன்னரண் 1816இல் இடிக்கப்பட்டது. போர்த் துறையின் அரண் பட்டியலிலிருந்து கோட்டை 1804இல் நீக்கப்பட்டு, 1820இல் இரண்டாம் தர அரணாக மீண்டும் சேர்க்கப்பட்டது.

நாடு தழுவிய புதிய பார்வை

கார்க்காசோனின் மீட்பை அக்காலப் பிரெஞ்சு அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1789 புரட்சியில் அரச, சமயக் கட்டடங்கள் அடக்குமுறையின் அடையாளங்களாகத் தாக்கப்பட்டன. இந்த அழிவைக் கண்டித்து 1794இல் அபே கிரெகுவார் மக்களவையில் அறிக்கை வைத்தார். பறிமுதலான மடங்களையும் மாளிகைகளையும் வாங்கி, இடித்துக் கல்லாக விற்ற வணிகக் கூட்டங்கள் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் இயங்கின. 1831இல் வெளியான விக்டர் ஹியூகோவின் பாரிஸ் நோத்ர்தாம் பற்றிய நாவல், பழங்கட்டடங்களை நாட்டு மக்கள் அனைவரின் உடைமையாகப் பார்க்கும் மனநிலையைப் பரப்பியது.

அரசும் அசைந்தது. 1830இல் அமைச்சர் கிசோவின் பரிந்துரையால் வரலாற்றுச் சின்னங்களுக்கான தலைமை ஆய்வாளர் பதவி உருவானது. முதலில் லுதோவிக் வித்தேவும், 1834 முதல் எழுத்தாளர் புரோஸ்பர் மெரிமேயும் அப்பதவியை வகித்தனர். 1837இல் சின்னங்களுக்கான ஆணையம் அமைந்தது. 1840இல் உதவி தேவைப்படும் சின்னங்களின் முதல் பட்டியல் வெளிவந்தது. இடைக்காலம் இருண்ட காலமாகத் தெரிந்த நிலை மாறி, நாட்டின் வேராகத் தெரியத் தொடங்கியது. வண்டியேறி ஊர் ஊராகச் சென்று மெரிமே எழுதிய பயணக் குறிப்புகளே பிற்காலக் கோட்டைச் சுற்றுலாவுக்கு வழிகாட்டி என்றால் மிகையாகாது.

1850ஆம் ஆண்டின் ஆணை

கார்க்காசோனில் இந்தப் புதிய பார்வைக்கு உள்ளூர்க் குரலும் கிடைத்தது. வழக்கறிஞரும் வரலாற்றாய்வாளருமான ழான்-பியேர் குரோ-மேர்வியேல் (1810–1876) கோட்டையைக் காக்க இடைவிடாமல் மனு எழுதினார். 1844இல் புனித நசேர் கோவிலைச் செப்பனிடும் பொறுப்பு இளம் கட்டடக் கலைஞர் ஓழேன் வியோலே-லெ-துக்கிடம் வந்தது. கோவில் பணியில் இருந்தபடியே அவர் மதில்களையும் ஆராய்ந்தார்.

1850 ஜூலையில் போர் அரண்களின் பட்டியலிலிருந்து கோட்டை மீண்டும் நீக்கப்பட்டது. பட்டியலில் இல்லாத மதிலைக் கல்லாக விற்றுவிடலாம். ஊரார் எதிர்த்தனர், உள்ளூர் அறிஞர் சங்கம் துணை நின்றது, குரோ-மேர்வியேலும் மெரிமேயும் தத்தம் வழியில் வற்புறுத்தினர். ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1853இல் அரசின் நிதியுடன் மதில் சீரமைப்பு தொடங்கியது. போருக்குப் பயன்படாது என்று தெரிந்தே ஓர் அரணுக்கு அரசு பணம் ஒதுக்கியது. வரலாற்றில் திரும்பிப் பார்த்தால் இதுவே பெரிய மாற்றம்.

சீரமைப்பும் சர்ச்சையும்

1879இல் இறக்கும் வரை வியோலே-லெ-துக் இப்பணியை வழிநடத்தினார். அவர் மாணவர் போல் போஸ்வில்வால்டு அதைத் தொடர, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வேலை நீண்டது. இடிந்த ஞாயில்கள் நிரப்பப்பட்டன. கோபுரங்களுக்குக் கூரை வந்தது. அரண்மனைக் கோட்டையின் மதில் உச்சியில் வெளிநோக்கி நீளும் மரக் காவல்மாடம் மாதிரிக்காக மீண்டும் அமைக்கப்பட்டது. இடிபட்ட முன்னரண் இருந்த இடத்தில் அவரே வரைந்து கொடுத்த புனித ழிமேர் கோவில் எழுந்தது.

சர்ச்சை கூரையில் தொடங்கியது. தென் பிரான்சில் சரிவு குறைந்த ஓட்டுக் கூரைகளே மரபு. வியோலே-லெ-துக் பல கோபுரங்களுக்குக் கூர்மையான கூம்பு வடிவில் கருநிற ஸ்லேட் பலகைக்கற்களைப் போட்டார். வடக்கிலிருந்து வந்த அரசப் பொறியாளர்கள் கட்டிய கோபுரங்களுக்கு வடநாட்டுக் கூரையே பொருந்தும் என்பது அவர் கட்சி. வட்டார மரபை அவர் மறந்துவிட்டார் என்பது எதிர்க்கட்சி. அவரது வாதம் அரச காலக் கோபுரங்களுக்கு ஓரளவு பொருந்தலாம். ரோமக் கோபுரங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரோமக் காலக் கோபுரங்கள் சிலவற்றின் ஸ்லேட்டை அகற்றி, ஓடு வேய்ந்தது அந்தப் பிழையைத் திருத்தும் முயற்சி. இன்று ஒரே மதிலில் இருவகைக் கூரைகளையும் பார்க்கலாம்.

1964இல் வெனிசில் உருவான சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்ற நெறியை வகுத்தது. அந்த அளவுகோலில் வியோலே-லெ-துக் தேறமாட்டார். ஆனால் 1997இல் யுனெஸ்கோ இக்கோட்டையை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றபோது, அவர் நடத்திய நீண்ட சீரமைப்பையும் அதன் சிறப்புகளில் ஒன்றாகவே குறிப்பிட்டது. குறையெனச் சுட்டப்பட்ட பணியே வரலாற்றின் ஓர் அடுக்காக மதிப்புப் பெற்றுவிட்டது.

வெளியேற்றப்பட்ட குடிகள்

கூரையின் நிறம் குறித்து நடந்த விவாதத்தில் கால் பங்குகூட, மதில்களுக்கு இடையில் வாழ்ந்த மக்களைக் குறித்து நடக்கவில்லை. நினைவுச் சின்னத்தை அழுக்காக்கும் ஒட்டுக் கட்டடங்களாகவே அவர்களது வீடுகள் பார்க்கப்பட்டன. சிறிது சிறிதாக அவை கையகப்படுத்தப்பட்டு இடிக்கப்பட்டன. இன்று பயணிகள் காற்றாட நடக்கும் அந்தப் புல்வெளி, பல தலைமுறைகள் தறி ஓட்டிய குடியிருப்பு. கோட்டைக்குள் இன்று நிரந்தரமாகக் குடியிருப்போர் மிகச் சிலரே.

பிற்காலச் சட்டங்கள் இந்தக் குறுகிய பார்வையை மெல்ல விரித்தன. 1887, 1913 ஆண்டுகளின் சட்டங்கள் தனித்தனிக் கட்டடங்களைக் காத்தன. 1943இல் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டர் வரையிலான சூழலும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1962இல் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் பெயரால் அறியப்படும் சட்டம், பழைய நகர்ப் பகுதி முழுவதையும் பாதுகாக்க வழி செய்தது. 1964இல் லியோன் நகரின் பழைய பகுதி இச்சட்டத்தின் கீழ் வந்தது. பெரிகோர் வட்டாரத்தின் சார்லா ஊர் அதன் முன்னோடிச் சோதனைக் களமானது. காக்க வேண்டியது ஒற்றைக் கோபுரத்தை மட்டுமன்று, அதைச் சூழ்ந்த தெருவையும் வீட்டையும்தான் என்பது அப்போதுதான் சட்டமானது.

முடிவுரை

இவ்வாய்விலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, கார்க்காசோன் பிழைத்ததற்குக் காரணம் அதன் வலிமை மட்டுமன்று. 1626இல் அதற்கு வேலை இருந்தது. 1659க்குப் பின் அதைப் பொருட்படுத்துவார் இல்லை. 1850இல் அதற்காகப் பேச ஆட்கள் இருந்தார்கள். இரண்டு, இன்றைய கோட்டை 13ஆம் நூற்றாண்டும் 19ஆம் நூற்றாண்டும் சேர்ந்து செய்தது. ஒன்றை அசல் என்றும் மற்றதைப் போலி என்றும் தள்ளுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மூன்று, சின்னத்தைக் காப்பதும் அதில் வாழும் மக்களைக் காப்பதும் ஒன்றல்ல; பிரெஞ்சுச் சட்டம் இதை உணர ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

கோட்டைத் தெருக்களில் நடக்கக் கட்டணம் இல்லை; அரண்மனைக் கோட்டைக்கும் மதில் நடைக்கும் மட்டும் சீட்டு வாங்க வேண்டும். செல்பவர்கள் முதலில் மதில்களுக்கு இடைப்பட்ட நிலத்தைச் சுற்றி வரட்டும். செங்கல் வரி ஓடும் சுவர், அதன் கீழே தாங்கு சுவர், மேலே ஸ்லேட் கூரை என்று காலத்தைப் பிரித்துப் படிக்கப் பழகியபின் உள்ளே நுழைந்தால், வழிகாட்டி சொல்லாத வரலாற்றையும் கல்லே சொல்லிவிடும்.