கயத்தாற்றுக் காற்றாலைகள்

கயத்தாற்றுக் காற்றாலைகள் தூத்துக்குடி மாவட்டத்தில், மதுரை–திருநெல்வேலி நெடுஞ்சாலையை ஒட்டிய கரிசல் மானாவாரி நிலங்களில் நிற்பவை. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊராகவே கயத்தாறு பரவலாக அறியப்படுகிறது. இந்திய எரிசக்தி வரலாற்றிலும் அதற்கு இடமுண்டு என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, செங்கோட்டைக் கணவாயில் நெருக்குண்டு வேகம் கூடி இச்சமவெளிக்கு வருகிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே கணவாய்க்கு நேரே உள்ள நிலத்துக்கும் சற்று விலகிய நிலத்துக்கும் மின் உற்பத்தியில் பெரும் வேறுபாடு உண்டு.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் மாநிலத்தின் முதல் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. டென்மார்க் உதவியோடு கயத்தாற்றிலும் பண்ணை அமைந்தது. சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் இங்கேதான் இயங்குகிறது. 1990களில் வருமான வரிச் சலுகையை நாடி நூற்பாலைகள் உள்ளிட்ட தொழில் நிறுவனங்கள் தென்மாவட்டங்களில் காற்றாலைகளை நாட்டின. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது.

காற்றிலிருந்து மின்சாரம் கிடைக்குமா என்ற ஐயம் இங்கே என்றோ தீர்ந்துவிட்டது. எஞ்சியிருக்கும் கேள்விகள் உரிமையையும் நியாயத்தையும் பற்றியவை. முதலாவது, காற்று யாருக்குச் சொந்தம்? ஓர் இறக்கையைக் கடந்த காற்று வேகமிழந்து, குலைந்து செல்லும். பின்னால் நிற்கும் ஆலையின் உற்பத்தி குறையும். அதனால் காற்றின் திசையில் இறக்கை விட்டத்தைப் போல் ஏழு மடங்கும், குறுக்கே ஐந்து மடங்கும் இடைவெளி வேண்டும் என்பது வழக்கம். பழைய 55, 200 கிலோவாட் ஆலைகள் நிற்கும் மண்ணில்தான் நல்ல காற்று இருக்கிறது. அவற்றைக் கழற்றிப் பெரியவற்றை நாட்டினால் அதே நிலம் பன்மடங்கு மின்சாரம் தரும். ஆனால் பெரிய இறக்கைக்கு அகன்ற இடம் தேவை. அதற்குள் பக்கத்து நிலத்துக்காரரின் ஆலையும் அகப்பட்டுவிடும். இழப்பை யார் ஈடு செய்வது என்பதில் இணக்கமில்லை. பழைய ஆலைகளை மாற்றுவதற்கென மாநில அரசு 2024இல் கொள்கை வெளியிட்ட பின்னும் வாதம் ஓயவில்லை.

இரண்டாவது கேள்வி காலத்தைப் பற்றியது. ஆடியில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்பப் பெறும் ‘பேங்கிங்’ முறை ஆலை உரிமையாளர்களுக்கு உயிர்நாடி. வாரியமோ மலிவான பருவத்தில் வாங்கி, விலை கூடிய பருவத்தில் கொடுக்க நேர்வதால் நட்டம் என்கிறது. இரு தரப்பிலும் உண்மை உண்டு. மின்கலச் சேமிப்பு மணிக்கணக்கிலான பற்றாக்குறையை ஈடுகட்டும். மாதக்கணக்கிலான இடைவெளிக்கு அது இன்னும் விடையாகவில்லை. அந்த மாதங்களில் பெரிதும் கைகொடுப்பவை தூத்துக்குடி அனல்மின் நிலையம் போன்ற நிலக்கரி ஆலைகளும், கூடங்குளம் அணுமின் நிலையமும்தான்.

அடுத்த விவாதம் கடலுக்கு நகர்ந்துள்ளது. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை குஜராத், தமிழ்நாடு கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு நிதியுதவி வழங்க ஒப்புதல் அளித்தது. தமிழ்நாட்டுக்கான ஆலைகள் குறிக்கப்பட்டுள்ள மன்னார் வளைகுடா, ஒருகாலத்தில் முத்துக்குளிப்பு நடந்த, பவளத்திட்டுகள் கொண்ட கடல். அதன் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. கடலில் பட்டா இல்லை. கயத்தாற்றில் நிலம் விற்ற விவசாயி ஒரு விலையாவது பெற்றார். தலைமுறைகளாக வலை வீசும் மீனவருக்குக் கடல்மீதுள்ள உரிமை எந்த ஆவணத்தில் இடம்பெறும் என்பதை எந்தத் திட்டமும் முதலில் தீர்க்க வேண்டியிருக்கிறது.