பீடம் தெரியும், பக்கத்தில் இருப்பவர் தெரியமாட்டார்

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கத்தோலிக்கர்களுக்கு ஒரு கோயில் கட்டப்பட்டது. அதற்கு இரண்டு கூடங்கள். கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல தனித்தனியாகக் கிளம்பி, பீடத்தில் வந்து சேரும். ஒரு பக்கம் வெள்ளாளர். மறுபக்கம் நாடார்களும் மற்றவர்களும். நடுவில் சுவர். எந்தப் பக்கம் முழங்காலிட்டாலும் பீடம் தெரியும். அடுத்த கூடத்தில் முழங்காலிட்டிருப்பவர் மட்டும் தெரியமாட்டார்.

இளைஞர் கூட்டங்களில் நாங்கள் இதைச் சொல்லும்போது சிரிக்கிறார்கள். கால்சட்டை என்றால் சிரிப்பு வரத்தானே செய்யும். ஆனால் அதைக் கட்டியவர்களிடம் ஒப்படைத்த வேலையை யோசித்துப் பாருங்கள் தோழர்களே: கடவுளோடு உறவு வேண்டும், அடுத்தவரோடு உறவு கூடாது. அதைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துச் சாதித்துக் காட்டினார்கள். காணிக்கையைப் பீடத்தின் முன் அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய் மனத்தாங்கல் உள்ள சகோதரனோடு சமாதானமாகச் சொல்கிறார் இயேசு, மலைப்பொழிவில். வடக்கன்குளத்தில் அப்படிப் போக வேண்டுமென்றால் சுவரேறிக் குதிக்க வேண்டியிருந்திருக்கும்.

இதே ஊரில்தான் 1745இல் தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். சாதி வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் சமம் என்று வலியுறுத்தியவர் என்று அவரைப் பற்றி வத்திக்கானே சொல்கிறது. 2022இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அதற்கு முன் அவர் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுக்கச் சொல்லிக் கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது. எடுத்தார்கள். சாதியை மறுத்ததற்காகக் கொண்டாடப்படுகிறவரின் பெயரிலிருந்து சாதியை இறக்க இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. பிள்ளைமாரும் முதலியார்களும் நீதிமன்றம் போனார்கள். வழக்கு மதராஸ் உயர்நீதிமன்றம் வரை சென்றது. கத்தோலிக்கரான பிறகு, பக்கத்தில் இன்னொரு சாதிக்காரர் உட்கார்ந்தால் தீட்டு என்று சொல்லித் தனியிடம் கேட்க உரிமையில்லை என்றது நீதிமன்றம். சீர்திருத்த சபைகளின் கதையும் வேறில்லை. சபைக்குள் சாதி ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கடிதம் எழுதினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். ஒரே கிண்ணத்தில் இராப்போஜனம் எடுப்பதைவிட இராப்போஜனமே வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு.

வடக்கன்குளம் முதன்மையாக வெள்ளாளர்–நாடார் மோதல். அந்தச் சுவர் இடிந்ததில் தலித்துகளுக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தத் தீர்ப்பு வந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்தும் திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்த சுவரை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது. எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டபோது வன்முறை வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறிஸ்தவர் இருவர் இறந்தார்கள். தனிப் பங்கு கேட்பது பிரிவினை என்று அப்போது பலர் உபதேசம் செய்தார்கள். ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டவர்கள்தான் அதைக் கேட்டார்கள் என்பதை அந்த உபதேசிகள் கவனிக்கவில்லை.

அரசின் பார்வையோ நேர்தலைகீழ். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை முதலில் இந்துக்களை மட்டுமே சேர்த்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிராமத்துத் திருவிழாவில் இருந்தோம். ஊர்த் தெருக்களைச் சுற்றிய தேர், சேரி முனையில் திரும்பிவிட்டது. பாதை குறுகலாம். அந்தப் பாதையில் அன்று காலையில்தான் பந்தல் சாமான் ஏற்றிய லாரி வந்து போயிருந்தது. முனையில் கையில் மெழுகுவத்தியோடு நின்ற பாட்டியிடம் ஏன் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டோம். "மாதா இதுக்கு மேல வரமாட்டாங்க தம்பி. நாங்கதான் இவ்வளவு தூரம் வந்து பாத்துக்கணும்" என்றார்.