கல்லூரி விடுதிகளில் இரும்புச்சத்துக் குறைபாடு: மாத்திரை நின்றுபோகும் இடம்

வகுப்பில் கண் சொருகுவதும், இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குவதும், படித்தது மனத்தில் நிற்காமற் போவதும் இரும்புச்சத்துக் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். ஒரு தலித் மாணவியிடம் அவை தென்படும்போதோ, 'தகுதி' பற்றிய தீர்ப்பாக எளிதில் உருமாறிவிடுகின்றன. இட ஒதுக்கீட்டில் வந்தவர்தானே என்று முணுமுணுப்போர், இரத்தப் பரிசோதனை செய்தாயா என்று கேட்பதில்லை.

ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராமுக்கும் (கருவுற்றோர் நீங்கலாக), ஆண்களுக்கு 13 கிராமுக்கும் கீழே இருந்தால் அது இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் இந்திய அளவில் 57 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினரும் இரத்தசோகைக்கு ஆளாகியிருந்தனர். உடலின் இரும்புச் சேமிப்பே முதலில் கரைகிறது. ஹீமோகுளோபின் பின்னரே குறைகிறது. ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சோர்வு நீடிப்பவர்கள் ஃபெரிட்டின் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும். தலசீமியா போன்ற பிற காரணங்களும் உண்டு என்பதால், பரிசோதிக்காமல் நாமாகவே தொடர்ந்து மாத்திரை விழுங்குவது தகாது.

2018இல் ஒன்றிய அரசு தொடங்கிய 'இரத்தசோகை இல்லா இந்தியா' திட்டம், 10 முதல் 19 வயதினருக்கும் 20 முதல் 49 வயதுப் பெண்களுக்கும் வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை என வகுத்துள்ளது. முதற்பிரிவினருக்கு அது பள்ளி வழியாகவும், பள்ளி செல்லாப் பெண்களுக்கு அங்கன்வாடி வழியாகவும் வந்துசேர வேண்டும். 18 வயதுக் கல்லூரி மாணவி பள்ளியிலும் இல்லை, 'பள்ளி செல்லாதவர்' பட்டியலிலும் இல்லை. 20 வயதைக் கடந்தவருக்கு ஊரில் களப்பணியாளர் வழி மாத்திரை கிடைக்கலாம். அவர் இருப்பதோ நகரத்து விடுதியில். 20 வயதைக் கடந்த ஆண் மாணவர் திட்டத்திலேயே இல்லை. தாளில் உள்ள உரிமை பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோகிறது.

மாத்திரைக்கு முன்னால் தட்டைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலக் கல்லூரி விடுதி மாணவருக்கான மாத உணவுத் தொகை 2023இல் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. அதில் சோறும் சாம்பாரும் வயிற்றை நிரப்பும், இரத்தத்தை நிரப்பா. கீரை, பயறு வகைகளிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே ஈர்க்கிறது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் அது கூடும். உணவோடு தேநீர் குடித்தால் குறையும். இறைச்சியிலுள்ள இரும்பு எளிதில் சேர்கிறது. ஈரலும் சுவரொட்டியும் இரத்தம் ஊற உண்ணப்படுபவை என்பதை நம் வீட்டுப் பெண்கள் எந்த ஆய்வுக்கும் முன்பே அறிந்திருந்தனர். அந்த உணவையே இழிவென்று ஒதுக்கும் வளாகங்களில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். சென்னை ஐஐடியில் 2018இல் சைவ, அசைவ மாணவர்களுக்குத் தனித்தனி வாயில் குறித்த அறிவிப்பு ஒட்டப்பட்டதும், 2023இல் மும்பை ஐஐடி விடுதியில் சைவர்களுக்கென மேசை ஒதுக்கப்பட்டதும் செய்தியாகின. இதனைச் சுவை பற்றிய தகராறு என்று நாம் கருதவில்லை.

அரசமைப்பின் 47ஆம் உறுப்பு ஊட்டச்சத்தை உயர்த்துவதை அரசின் முதன்மைக் கடமைகளுள் ஒன்றாக்குகிறது. 46ஆம் உறுப்பு பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கல்வி நலனைச் சிறப்பாகக் காக்கச் சொல்கிறது. இவற்றை நேரடியாக நீதிமன்றத்தில் வலியுறுத்த முடியாது என்பது பழைய வாதம். ஆனால் 2001இல் தொடங்கிய உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமோ மாணவருக்கான உணவை 14 வயதோடு முடித்துக்கொள்கிறது.

விடுதி மாணவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். கடந்த ஓராண்டில் விடுதிக்கு வாங்கிய முட்டை, இறைச்சி, பயறு, கீரை எவ்வளவு? பற்றுச்சீட்டுகளின் நகல் எங்கே? மருத்துவ முகாம் எந்தெந்த நாளில் நடந்தது, எத்தனை பேருக்கு ஹீமோகுளோபின் பார்க்கப்பட்டது? பதில் 30 நாட்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு மேலும் 30 நாட்கள் அவகாசம் உண்டு.