வேலை போனால் பணம் மட்டுமா போகும்? – மரியந்தால் ஊரின் பாடம்

வேலையின்மை பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் வறுமை, கடன், குற்றச்செயல் என்று வரிசையாக எழுதிவிடுவார்கள். தப்பில்லை. ஆனால், வேலை போகும்போது பணம் மட்டும்தானா போகிறது? ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரின் வரலாறு இதற்குப் பதில் சொல்கிறது.

வியன்னா நகருக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர், ஒரே ஒரு நெசவாலையை நம்பிப் பிழைத்தது. உலகப் பொருளாதார மந்தத்தில், 1930இல் ஆலை மூடப்பட்டது. அங்கிருந்த 478 குடும்பங்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் உதவித்தொகையில் காலம் தள்ளினார்கள்.

1931 கடைசியில் மரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் ஆய்வுக் குழு அங்கே சென்றது. சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. துணிமணி கொடுத்தார்கள்; இலவச மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். மக்களின் நம்பிக்கையைப் பெற்றுத்தான் தகவல் திரட்டினார்கள்.

நேரம்தான் நிறைய இருக்கிறதே, மக்கள் அதிகம் வாசித்திருப்பார்கள் என்று நினைப்போம். நடந்ததோ நேர்மாறு. நூலகம் கட்டணத்தை நீக்கியும், இரண்டே ஆண்டுகளில் இரவல் வாங்கப்பட்ட புத்தகங்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தன. தெருவில் நடந்த ஆண்களில் 10 பேருக்கு ஒருவர்தான் எங்கும் நிற்காமல் போனார். பெண்கள் அப்படி நிற்கவில்லை. வீட்டு வேலை அவர்களை விடவில்லையே!

ஏழைகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. மனம் தளராத குடும்பங்களின் சராசரி மாத வருமானம் தலைக்கு 34 ஷில்லிங். எதிலும் அக்கறையற்றுப் போன குடும்பங்களுக்கு 19 ஷில்லிங். இந்தச் சிறிய இடைவெளிதான் நம்பிக்கையையும் விரக்தியையும் பிரித்தது. உதவித்தொகை வாங்குபவர் சில்லறை வேலை செய்தால், அக்கம்பக்கத்தாரே பெயர் போடாமல் அதிகாரிகளுக்குப் புகார் எழுதினார்கள். ஒருவரை ஒருவர் நம்புவதும் குறைந்தது.

காரணம் என்ன? யஹோடா பின்னாளில் விளக்கினார்: வேலை என்பது சம்பளத்தோடு வேறு ஐந்தையும் தருகிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதத் தொடர்பு, கூட்டு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், தொடர்ந்த செயல்பாடு. உதவித்தொகை வயிற்றுக்குச் சோறு போடலாம். இந்த ஐந்தையும் தராது.

1933இல் நூலாக வந்த இந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. வேலையில்லாதவன் முடங்கிக் கிடப்பதைப் பார்த்து 'சோம்பேறி' என்று சொல்லிவிடுகிறோம். மரியந்தால் மக்கள் பரம்பரைச் சோம்பேறிகளா? ஆலை ஓடியபோது அவர்கள் உழைத்தார்கள், வாசித்தார்கள், சங்கங்கள் நடத்தினார்கள். மாறியது குணம் அல்ல, சூழ்நிலை.

மாணவர்களே, அடுத்த முறை இத்தலைப்பில் எழுதும்போது பணப் பிரச்சினையோடு நின்றுவிடாதீர்கள். அந்த ஐந்தில் ஒன்றையாவது எடுத்து, மரியந்தாலைச் சான்றாகக் காட்டி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். கருத்தும் ஆழமாகும், பிறர் துன்பத்தைப் பார்க்கும் பார்வையும் மாறும்.