மளிகைக் கடை வழியே வீட்டுக்கு வந்த விஸ்கி

ஸ்காட்லாந்தின் கில்மார்னாக் ஊரில் 1820-இல் ஒரு மளிகைக் கடை திறந்தது. கல்லாவில் உட்கார்ந்த முதலாளிக்கு மீசைகூட முளைத்திருக்காது. விவசாயியான அப்பா முந்தைய ஆண்டு இறந்துவிட, பண்ணையை விற்ற பணத்தில் குடும்பம் பையனுக்கு வைத்துக் கொடுத்த கடை அது. தேயிலை, மசாலாச் சரக்கு, ஒயின், அவற்றோடு உள்ளூர் விஸ்கியும் விற்றான். பையனின் பெயர் ஜான் வாக்கர்.

அவன் மட்டுமல்ல. எடின்பரோவில் ஜார்ஜ் பாலன்டைன், அபர்தீனில் சிவாஸ் சகோதரர்கள், பெர்த்தில் மாத்யூ குளோக் என்று இன்று பாட்டில் லேபிளில் மிடுக்காக நிற்கும் பெயர்களில் பலவும் அந்தக் காலத்து மளிகைக்காரர்களின் பெயர்களே. வடிசாலை வைத்திருந்தவர்கள் மலைப்பக்கம் இருந்தார்கள்; நகரத்து வீடுகளுக்குச் சரக்கைக் கொண்டுசேர்த்தவர்கள் இவர்கள். வீட்டில் வைத்து ருசி பார்ப்பது, நல்லது கெட்டது சொல்வது, கெடாமல் பாதுகாப்பது ஆகிய மூன்று பழக்கங்களையும் உருவாக்கியதில் வடிசாலைக்காரரைவிட மளிகைக்காரருக்கும் வரி அதிகாரிக்கும்தான் பங்கு அதிகம்.

அப்போது விஸ்கி பாட்டிலில் வரவில்லை. கடையில் பீப்பாய் இருக்கும். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து மண்ஜாடியோ குடுவையோ கொண்டுவந்து, எண்ணெய் வாங்குவதுபோல் அளந்து வாங்கிப் போவார். கண்ணாடிப் பாட்டில் விலை உயர்ந்த பொருள். பிரிட்டிஷ் அரசு 1740-களில் கண்ணாடிமீது போட்ட கலால் வரி நூறு ஆண்டு நீடித்தது. 1845-இல் பிரதமர் ராபர்ட் பீல் அதை நீக்கிய பிறகே பாட்டில் மலிவானது. விஸ்கியின் வரலாற்றை எழுதுபவர்கள் வடிகலத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். இந்தக் கண்ணாடி வரியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள். வீட்டு அலமாரியில் நிற்கும் பாட்டிலுக்குக் காரணம் தேடினால் பீலின் பட்ஜெட்டில்தான் போய் முடியும்.

அடுத்து வந்த சட்டங்களும் மளிகைக்காரருக்கே வாய்ப்பாக அமைந்தன. 1853-இல் வந்த ஃபோர்ப்ஸ் மெக்கென்ஸி சட்டம் ஸ்காட்லாந்தில் மளிகைக் கடைக்குள் நின்று குடிப்பதைத் தடுத்தது. வாங்கு, வீட்டுக்கு எடுத்துப் போ என்றது. குடியைக் குறைக்க வந்த சட்டம், குடியை வீட்டுக்குள் அனுப்பி வைத்தது. 1860-இல் முளைகட்டிய பார்லியில் வடித்த மால்ட் விஸ்கியையும், ஏனியஸ் காஃபி 1830-இல் காப்புரிமை பெற்ற தொடர்வடிகலத்தில் மலிவாக வடித்த தானிய விஸ்கியையும் வரி கட்டும் முன்பே கிடங்கில் கலக்க அனுமதி கிடைத்தது. தேயிலையை விதவிதமாகக் கலந்து, ஆண்டு முழுக்க ஒரே சுவையில் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. ஒரு பீப்பாய் போல இன்னொரு பீப்பாய் இருக்காது. கலவையோ இந்த மாதமும் அடுத்த மாதமும் ஒன்றாக இருந்தது. ஜானின் மகன் அலெக்சாண்டர் வாக்கர் தன் கலவையைச் சதுரப் பாட்டிலில் அடைத்தார். பெட்டியில் அதிகம் அடுக்கலாம், கப்பலில் உடைவது குறைவு. லேபிளைச் சாய்த்து ஒட்டியதால் எழுத்தைப் பெரிதாகப் போட முடிந்தது.

சீல் வைத்த பாட்டில் மேல் மக்களுக்கு நம்பிக்கை வரக் காரணம் இருந்தது. 1872-இல் கிளாஸ்கோவின் 'நார்த் பிரிட்டிஷ் டெய்லி மெயில்' பத்திரிகை நகரத்து மதுக்கடைகளில் விஸ்கி வாங்கி வேதியியல் சோதனைக்கு அனுப்பியது. சிலவற்றில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் கலந்திருந்தது தெரிந்து ஊரே அதிர்ந்தது. கடல் கடந்து அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஜார்ஜ் கார்வின் பிரவுன் 1870-இலேயே 'ஓல்ட் ஃபாரஸ்டர்' என்ற பூர்பன் விஸ்கியைச் சீல் வைத்த பாட்டிலில் மட்டுமே விற்கத் தொடங்கியிருந்தார். மருத்துவர்கள் விஸ்கியை மருந்துச் சீட்டில் எழுதிக் கொடுத்த காலம் அது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் வேண்டும் என்று அவர்களும் எதிர்பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த விஸ்கிக்கு அடுத்த தொல்லை வீட்டுக்குள்ளேயே இருந்தது. விக்டோரியா காலத்துக் கனவான்கள் பாட்டிலை அப்படியே மேசையில் வைக்க மாட்டார்கள்; வெட்டு வேலைப்பாடு செய்த கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுவார்கள். குடுவையில் அளவுக்கோடு கிடையாது. வேலைக்காரர்கள் ஒரு மடக்கு குடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? லண்டனின் ஜார்ஜ் பெட்ஜமன் நிறுவனம் 1881-இல் இதற்கு ஒரு வழி செய்து காப்புரிமை வாங்கியது. மரச் சட்டத்தில் வரிசையாக இரண்டு அல்லது மூன்று குடுவைகள். அவற்றின் மூடிகளை அழுத்தியபடி குறுக்கே ஒரு உலோகத் தண்டு. தண்டின் நுனியில் பூட்டு. கண்ணாடி வழியே விஸ்கி பளபளக்கும், ஆனால் சாவி இல்லாமல் மூடியைத் தூக்க முடியாது. டான்டலஸ் என்று இதற்குப் பெயர். பின்னாளில் புகழ்பெற்ற கவிஞர் ஜான் பெட்ஜமன் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

அழகான ஏற்பாடு. விஸ்கியைப் பாதுகாக்க இதைவிட மோசமான இடம் கிடைப்பது கடினம். வெளிச்சத்தில் நிற்கிறது, மூடி இறுக்கமில்லை, போதாக்குறைக்கு அந்தக் கண்ணாடியில் ஈயம் வேறு. படிகக் கண்ணாடி மின்னுவதற்குச் சேர்க்கும் ஈயம் மதுவில் மெல்ல இறங்குகிறது என்பதை அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1991-இல் அளந்து காட்டினார்கள். ஒரு மாலை விருந்துக்கு ஊற்றி வைத்தால் பெரிய ஆபத்தில்லை; ஆண்டுக்கணக்கில் ஊற்றி வைத்திருந்த பிராந்தியில் அளவு எச்சரிக்கும்படி ஏறியிருந்தது. தாத்தாவின் குடுவையைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம், சரக்கை அதில் குடிவைக்க வேண்டாம்.

வீட்டில் விஸ்கி வைத்திருப்பதை ஒரு கலையாகவே எழுதிய மனிதர் ஒருவர் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகள் இலக்கியப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் செயின்ட்ஸ்பரி. ஓய்வு பெற்று, உடல்நலம் குன்றிய பிறகு, தன் மது நிலவறைக் குறிப்பேட்டைப் புரட்டியபடி 1920-இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். ஒயின்தான் அதில் கதாநாயகன்; ஆனாலும் விஸ்கிக்கு அவர் சொல்லும் யோசனை சுவாரசியமானது. கையிருப்புக்குத் தக்க அளவில் ஒரு பீப்பாய் வாங்கு. நல்ல விஸ்கிகளால் நிரப்பு. அதை நிமிர்த்தி வைத்து, நடுமட்டத்தில் குழாய் பொருத்து. மட்டம் குழாய்வரை இறங்கியதும், குடிக்கத் தகுந்த, ஆனால் மிகப் பழையதல்லாத விஸ்கியை மேலே ஊற்றி நிரப்பு. அடியில் எப்போதும் பழைய சரக்கு தங்கியிருக்கும், புதியது அதோடு சேர்ந்து பழகிக்கொள்ளும். நம் வீடுகளில் உறைமோர் பாதுகாத்ததுபோன்ற ஒரு தொடர்ச்சி. கிளைன்லிஷையும் கிளென்லிவெட்டையும் கலந்தால் வெல்வது கடினம் என்பது அவர் கட்சி. மால்ட் விஸ்கிகளை ஊர்ப்பெயர் சொல்லித் தரம் பிரித்து எழுதிய முன்னோடிகளில் அவரும் ஒருவர். மதிப்பெண் போடும் வழக்கம் வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

செயின்ட்ஸ்பரியின் யோசனையில் ஒரு அறிவியல் உண்மை இருக்கிறது. விஸ்கிக்கு வயது ஏறுவது மரத்துக்குள்தான். ஓக் மரத்திலிருந்து வெனிலா வாசமும் நிறமும் இறங்க வேண்டும், மரத்தின் நுண்துளைகள் வழியே காற்று போய்வர வேண்டும். பாட்டிலில் அடைத்த அன்றோடு வயது நின்றுவிடும். பன்னிரண்டு ஆண்டு விஸ்கியை வாங்கி இருபது ஆண்டு பீரோவில் வைத்தாலும் அது பன்னிரண்டு ஆண்டு விஸ்கிதான். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பாட்டிலை 'பழசாகட்டும்' என்று பத்திரப்படுத்தும் நம் ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் கசப்பான செய்திதான்.

மரத்தில் இத்தனை ஆண்டு கிடக்க வேண்டும் என்ற கட்டாயமும் ருசிக்காக வந்ததல்ல. முதல் உலகப் போரில் ஆயுதத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலையைக் கெடுக்கிறார்கள் என்று பிரிட்டிஷ் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொதித்தார். முழு மதுவிலக்குவரை பேச்சு போனது. கடைசியில் 1915-இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது: விஸ்கி குறைந்தது இரண்டு ஆண்டு கிடங்கில் இருந்தாக வேண்டும். அடுத்த ஆண்டே அது மூன்றாக உயர்ந்தது. கையில் பழைய சரக்கு இல்லாத சிறு வியாபாரிகள் திணறினார்கள், பெரிய கலவைக்காரர்கள் நிலைத்தார்கள். போர்க்காலக் கெடுபிடியாக வந்த அந்த மூன்றாண்டு, இன்று ஸ்காட்ச் என்ற பெயருக்கே அடிப்படை.

தக்கையின் கதை தனி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை விஸ்கி பாட்டிலுக்கும் ஒயின் பாட்டில்போல முழுத் தக்கைதான். திருகாணி போட்டுப் பிடுங்கினால் பாதியில் முறியும், மறுபடி மூடினால் இறுகாது. ஒயினை ஒரே இரவில் தீர்த்துவிடலாம், விஸ்கியை அப்படி முடியுமா? கிளாஸ்கோவின் டீச்சர்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் பெர்கியஸ் 1913-இல் தக்கையின் தலையில் ஒரு மரக்குமிழைப் பொருத்தினார். விரலாலேயே திறக்கலாம், விரலாலேயே மூடலாம். திருகாணியைப் புதைத்துவிடுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். 1926-இல் ஒயிட் ஹார்ஸ் நிறுவனம் உலோகத் திருகுமூடியைக் கொண்டுவந்தது. ஒரு பாட்டிலைத் திறந்து மாதக்கணக்கில் வீட்டில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும் வழக்கம் இந்த இரண்டு மூடிகளின் கொடை.

மூடி மாறினாலும் தக்கையின் குணம் மாறவில்லை. ஒயின் பாட்டிலைப் படுக்கவைப்பார்கள், தக்கை ஈரமாக இருக்க வேண்டும் என்று. விஸ்கியைப் படுக்கவைத்தால் நாற்பது சதவீதத்துக்கு மேலிருக்கும் ஆல்கஹால் தக்கையை அரித்துப் பொடியாக்கிவிடும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். வெயில் நிறத்தையும் வாசத்தையும் வெளுக்கும். பாட்டில் பாதிக்குக் கீழே போனால் உள்ளே காற்று அதிகம். அதன்பின் சுவை வேகமாக மாறும். சேகரிப்பாளர்கள் மிச்சத்தைச் சின்னப் பாட்டிலுக்கு மாற்றுவது இதனால்தான்.

ருசியைச் சொல்லும் மொழி வீட்டுக்கு வந்தது இன்னும் தாமதமாக. கலவைக்காரர்கள் பல தலைமுறைகளாக மூக்கை வைத்தே பிழைத்தவர்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மாதிரிகளைக் குடித்துப் பார்த்தால் மனிதன் தாங்குவானா? தண்ணீர் சேர்த்து இருபது சதவீத அளவுக்கு இறக்கி, வாய் குறுகிய கிண்ணத்தில் ஊற்றி, முகர்ந்து மட்டும் பார்ப்பார்கள். தண்ணீர் விடுவது விஸ்கிக்கு அவமரியாதை என்று வீம்பு பேசுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017-இல் கணினி மாதிரி கொண்டு இதற்கு விளக்கமும் கொடுத்தார்கள்: புகைவாசம் தரும் குவாயகோல் மூலக்கூறு, கொஞ்சம் நீர் சேர்ந்ததும் திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது.

அந்த மூக்கு வித்தை தொழிற்கூடத்துக்குள்ளேயே இருந்தது. கலவை விஸ்கி ஆண்ட காலத்தில், சிங்கிள் மால்ட் எனப்படும் ஒற்றை வடிசாலையின் மால்ட்டை ஸ்காட்லாந்துக்கு வெளியே கேட்பாரில்லை. கிளென்ஃபிடிக் 1963-இல் துணிந்து அதை வெளிச்சந்தைக்குக் கொண்டுபோனது. 1983-இல் எடின்பரோவின் லீத் பகுதியில் பிப் ஹில்ஸும் நண்பர்களும் ஸ்காட்ச் மால்ட் விஸ்கி சொசைட்டியைத் தொடங்கினார்கள். அவர்கள் பாட்டிலில் வடிசாலைப் பெயர் இருக்காது, எண் மட்டுமே. பெயரைப் பார்த்து மயங்காமல் நாக்கை நம்பச் செய்யும் ஏற்பாடு. சுவைக் குறிப்புகளில் கற்பனை கரைபுரண்டது. கப்பல் கயிறு, பழைய தோல் நாற்காலி என்றெல்லாம் எழுதினார்கள். சிரிப்பு வந்தாலும், புகையில் உலர்த்திய பார்லியில் வடித்த ஐலே தீவு விஸ்கியை முகர்ந்தவர்களுக்கு அந்தக் கயிறு பொய்யில்லை என்று தெரியும்.

பிறகு வந்தார் மைக்கேல் ஜாக்சன். பாடகர் அல்ல, யார்க்ஷயரில் பிறந்த பீர் எழுத்தாளர். 1989-இல் அவர் வெளியிட்ட மால்ட் விஸ்கிக் கையேடு ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. நிறம், மணம், உடல்கட்டு, சுவை, முடிவு என்று அவர் வைத்த வரிசையையே இன்று வீட்டில் குறிப்பெழுதுபவர்களும் பெரும்பாலும் பின்பற்றுகிறார்கள். 2001-இல் ரேமண்ட் டேவிட்சனின் கிளென்கெய்ர்ன் நிறுவனம் அடி அகன்று வாய் குறுகிய தனிக் கிளாஸை விற்பனைக்கு விட்டபோது, கலவைக்காரரின் கிண்ணம் சற்றே தடித்து வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

சென்னைக்கும் இந்தக் கதையில் ஒரு பழைய பங்கு உண்டு. ஆங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1826-இல் மதராஸில் தொடங்கிய வணிக நிறுவனம், ஐரோப்பியர் குடியிருப்புகளுக்கு மதுவும் சுருட்டும் இறக்குமதி செய்து கொடுத்தது. 1951-இல் அது தொழிலதிபர் விட்டல் மல்லையாவின் கைக்குப் போனது.

எதிர்த்திசைப் பயணம் பெங்களூரிலிருந்து நடந்தது. அம்ருத் வடிசாலை தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் முதன்முதலில் விற்பனைக்கு வைத்த ஊர் கிளாஸ்கோ. ஸ்காட்லாந்தின் குளிரில் ஒரு பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு இரண்டு சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் அது பத்தைத் தாண்டும். அதனால் அங்கே நான்கைந்து ஆண்டிலேயே மரம் தன் வேலையை முடித்துவிடுகிறது, அதற்கு மேல் வைத்தால் பீப்பாயில் எஞ்சுவது சொற்பம். லேபிளில் பெரிய வயது போட வழியில்லை. இந்திய பார்லியையும் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்துச் செய்த அம்ருத் ஃப்யூஷனுக்கு விஸ்கி விமர்சகர் ஜிம் மரே தன் 2010-ஆம் ஆண்டு விஸ்கிக் கையேட்டில் 97 மதிப்பெண் போட்டு, உலகில் மூன்றாவது சிறந்தது என்றார். சொந்த ஊரான பெங்களூர்க் கடைகளில் அம்ருத் சிங்கிள் மால்ட் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.