இருக்கைக்குக் கீழே ஒரு லாச்சி

லண்டன் நேப்பியர் மோட்டார் கம்பனியில் செயலாளராக வேலை பார்த்தவர் டொரத்தி லெவிற். அந்தக் கம்பனியின் கார்களை விற்றுவந்த செல்வின் எட்ஜ் ஒரு கணக்குப் போட்டார். ஒரு பெண் பந்தயத்தில் ஓட்டினால் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? விளம்பரத்துக்காக 1903இல் டொரத்தியைப் பந்தயத்தில் இறக்கினார். விளம்பரம் பலித்தது. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்த கை பிறகு அதை விடவே இல்லை.

1905இல் லண்டனிலிருந்து லிவர்பூலுக்கு மெக்கானிக் துணையில்லாமல் தானே ஓட்டிப்போனார். 1906இல் பிளாக்பூலில் மணிக்கு 90 மைலைத் தாண்டி, பெண்களில் உலகச் சாதனை. அந்த வேகத்தில் பொனற்றின் முன்பகுதி கழன்று ஆடியது. நேரத்துக்கு நிறுத்தியிருக்காவிட்டால் தன் தலையே போயிருக்கும் என்று எழுதிவைத்தார். அதற்கும் அசராதவரை அடுத்த வருடம் ஒரு வாசற்கதவு மறித்தது.

புதிதாகத் திறந்த புரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் பெண்களுக்கு இடமில்லை என்றார்கள். எட்ஜ் அங்கே 24 மணிநேரம் ஓட்டிச் சாதனை வைத்தார். அவர் வளர்த்துவிட்டவருக்கோ அனுமதி கிடையாது. டொரத்தி ஜெர்மனிக்குப் போய், ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட ஹெர்கொமர் நெடுந்தூரப் போட்டியில் ஓட்டினார். திரும்பி வந்தபின், 1909இல், பெண்களுக்காகக் காரோட்டும் கையேடு ஒன்றை எழுதினார். இருக்கைக்குக் கீழுள்ள சின்ன லாச்சியில் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலே அதில் உண்டு. கையுறை, கைக்குட்டை, சொக்லேற். தனியாகப் போகிறவருக்குக் கைத்துப்பாக்கியும் வேண்டுமாம்! கூடவே, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இன்னொரு சாமானும்.

பிடிவைத்த முகக்கண்ணாடி. முகம் பார்க்க மட்டுமல்ல: நெரிசலான வீதியில் அவ்வப்போது அதைத் தூக்கிப் பிடித்தால், பின்னால் வருவது தெரியும் என்றார்.

1911இல் இண்டியனாபொலிஸில் முதலாவது 500 மைல் பந்தயம். மற்றவர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல ஒரு மெக்கானிக்கை ஏற்றிக்கொள்ள, ரே ஹரூன் மட்டும் ஒற்றை இருக்கைக் காரில் வந்தார். ஆபத்து என்று எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு கண்ணாடியைப் பொருத்தி வாயை அடைத்தார், வென்றும் விட்டார். டொரத்தியின் புத்தகத்தைப் படித்தா? இல்லை, குதிரை வண்டியொன்றில் முன்பு கண்டதாம். வேடிக்கை என்னவென்றால், செங்கல் பாவிய பாதையின் குலுக்கலில் அந்தக் கண்ணாடியில் எதுவுமே தெரியவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். உதவாத கண்ணாடிக்குத்தான் பேர் வந்தது.

1921இல் எல்மர் பேர்கர் என்ற அமெரிக்கர் பின்னால் பார்க்கும் கண்ணாடிக்குக் காப்புரிமை வாங்கி, துரத்திவரும் பொலிஸைக் கண்டுபிடிக்கும் சாதனம் என்று விற்றார். மறுவருடம் டொரத்தி 40 வயதில் லண்டனில் இறந்தார். அவரைப் பெரும்பாலும் மறந்துபோயிருந்தார்கள்.

இன்று திருகோணமலை அன்புவழிபுரத்து ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறும் ஆட்டோக்காரர், ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வரும் பஸ்ஸைப் பார்ப்பது அந்தக் கண்ணாடியில்தான். பின்சீட்டில் இருப்பது யாருடைய பிள்ளை என்று நோட்டம் விடுவதும் அதிலேதான். அந்த உபயோகத்தை டொரத்தி எழுதவில்லை.