பழசைப் போட்டுப் புதுசு: மதுரையில் வெந்நீர்க் கணக்கு

"ஹீட்டர் போயிருச்சு, புதுசு மாத்த எவ்வளவு ஆகும்?" கார்த்திகை பிறந்தால் மதுரை எலக்ட்ரிக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கடைக்காரர் பெட்டியின் விலையைச் சொல்வார். இதே கேள்வியை இரண்டு தலைமுறைக்கு முன்னால் கேட்டிருந்தால், விலை சொல்வதற்கு முன் அவர் பழசைத் தராசில் வைக்கச் சொல்லியிருப்பார். அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

செம்பு பாய்லர்

டவுனில் கொஞ்சம் வசதியான வீடுகளில் இருந்தது செம்பு பாய்லர். உயரமான உருளை, நடுவில் ஒரு குழாய், அடியில் கம்பித் தட்டு. அடியில் கரியையோ கொட்டாங்குச்சியையோ போட்டுப் பற்றவைத்தால் சூடு நடுக்குழாய் வழியாக ஏறும், சுற்றியிருக்கும் தண்ணீர் கொதிக்கும். டீக்கடை பாய்லரைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் இவ்வளவு ஏற்பாடு கிடையாது. கொல்லையில் மூணு கல், அதன் மேல ஒரு அண்டா அல்லது மண்பானை. எரிக்கச் சீமைக்கருவேல விறகு, தென்னந்தோப்பு உள்ள ஊர்களில் மட்டையும் பாளையும். தீபாவளிக்கு முதல் நாள் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள்.

"அப்பல்லாம் வெந்நீருக்குச் செலவே இல்ல" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. விறகு பொறுக்கியதும், விடியற்காலை புகையில் கண் எரிய ஊதியதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். அந்த உழைப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை.

தராசுக் கணக்கு

மதுரையில் வெண்கலக்கடைத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. மீனாட்சி கோயிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்திலும் வெகுகாலம் பாத்திரக் கடைகள் இருந்தன. இந்த மாதிரிக் கடைகளில் செம்பும் பித்தளையும் எடைக்குத்தான் விற்பனை. பாய்லர் ஓட்டையானால் முதலில் ஒட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் தாங்காது என்றால் "பழசைப் போட்டுப் புதுசு எடுக்கிறது".

ஒரு உதாரணத்துக்கு, பழைய பாய்லர் எட்டு கிலோ, புதுசு ஒன்பது கிலோ என்று வைத்துக்கொள்வோம். எட்டு கிலோவுக்குப் பழைய செம்பு விலையைக் கழிப்பார்கள். மிச்சம் நீங்க கொடுக்க வேண்டியது மூணே விஷயம்: கூடுதலான ஒரு கிலோ செம்பு, பழசுக்கும் புதுசுக்கும் உள்ள விலை வித்தியாசம், செய்கூலி. நகைக்கடைக் கணக்கு மாதிரியேதான். உலோகம் வீட்டுச் சொத்தாகவே நின்றது. கை முடைப்பட்டால் அண்டா குண்டாவை அடகு வைத்தது அதனால்தான். தெருவில் வந்த பேரீச்சம்பழக்காரர் ஈயம் பித்தளைக்குப் பழம் கொடுத்ததும் இதே கணக்கின் சின்ன வடிவம்.

கீசர் வந்த கதை

கீசர் என்பதை கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஐஸ்லாந்தில் பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்ற பெயின்டர் கேஸில் ஓடும் வெந்நீர்க் கருவிக்கு அந்தப் பெயரை வைத்தார். புகை வெளியேற வழியில்லாத ஆபத்தான கருவி அது. 1889-ல் அமெரிக்காவில் எட்வின் ரூட் தானாக இயங்கும் தொட்டி ஹீட்டரைச் செய்தார்.

நம்ம பக்கம் இதற்கெல்லாம் முதலில் கரண்ட் வேண்டுமே. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது, மின்வாரியம் 1957-ல் உருவானது. வீடுகளுக்கு முதலில் விளக்கு வந்தது, அப்புறம் ஃபேன், ஹீட்டர் கடைசியில்தான்.

அந்தக் காலத்து கீசர்கள் பலவற்றில் உள்ளே இருந்தது செப்புத் தொட்டி. அதனால் பழைய கீசரைக் கழற்றினாலும் காயலான் கடையில் ஓரளவு காசு கிடைத்தது. பிறகு உள்பக்கம் கண்ணாடிப் பூச்சு கொடுத்த எஃகுத் தொட்டிகள் பரவின. எடைக்குப் போட்டால் அது வெறும் இரும்பு. எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் கழித்தாலும், தராசுக் கணக்கு இங்கேயே முடிந்துவிட்டது.

உப்பும் மெக்னீசியமும்

மதுரையில் வைகைத் தண்ணீர் வரும் வீட்டையும் போர் தண்ணீரை மட்டுமே நம்பும் வீட்டையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. பல இடங்களில் போர் தண்ணீர் கடினம். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சூட்டில் பிரிந்து காயில் மேல் வெள்ளைத் தோலாகப் படியும். காயிலின் சூடு தண்ணீருக்குப் போகாமல் தேங்கிக் கடைசியில் காயிலே எரிந்துபோகும்.

எஃகுத் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும். துரு அதை முதலில் தின்னட்டும், தொட்டி தப்பட்டும் என்பது ஏற்பாடு. கப்பலின் செப்புத் தகட்டை இரும்பையும் துத்தநாகத்தையும் வைத்துக் காப்பாற்றலாம் என்று ஹம்ஃப்ரி டேவி 1824-ல் காட்டிய அதே தத்துவம். கம்பி கரைந்ததும் மாற்றினால் தொட்டி பிழைக்கும். அண்டாவுக்கு ஒட்டுப் போட்டது போலவே இதுவும் சின்னச் செலவுதான். ஆனால் தொட்டிக்குள் மறைந்திருப்பதால் பல வீடுகளில் அந்தக் கம்பி இருப்பதே தெரியாது.

பில்லில் வரும் விலை

செம்பு பாய்லருக்கு இல்லாத ஒரு செலவு இது. 25 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். தினம் ஒரு தடவை என்றால், இரண்டு மாத பில்லில் சுமார் 58 யூனிட்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வாசல்படி. தாண்டினால் கீழ்ப்படிகளின் சலுகை விலையும் போய்விடும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 450 யூனிட்டுக்கு 1,425 ரூபாய். கூட 58 சேர்ந்து 508 ஆனால் 2,014 ரூபாய். ஹீட்டர் குடித்த யூனிட் ஒவ்வொன்றும் பத்து ரூபாய்க்கு மேல்! 2024-ல் விலை கொஞ்சம் ஏறியதே தவிர படி அப்படியேதான் இருக்கிறது. 400 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு அதே 58 யூனிட் அவ்வளவு உறைக்காது.

ஆகவே "எவ்வளவு ஆகும்" என்று கேட்கும்போது பெட்டி விலையோடு இதையும் சேர்த்துக் கேட்கணும். பழைய தொட்டி செம்பா, இரும்பா? செம்பு என்றால் சும்மா கொடுத்துவிடாதீங்க. வீட்டு ஒயரும் எர்த்தும் 2,000 வாட்ஸ் தாங்குமா? தண்ணீர் வைகையா, போரா? போர் என்றால் வருஷம் ஒரு சர்வீஸையும் கணக்கில் எழுதிக்குங்க. கடைசியாக, போன மார்கழி பில்லில் எத்தனை யூனிட் என்று எடுத்துப் பாருங்க. 500-ஐ ஒட்டி இருந்தால், மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர் வைக்க இடமிருக்கா என்று ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்துட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.